மீட்டர்காரிக்கு வாசிக்கத் தெரியவில்லை

"பதறாதீங்க சார், போன பணம் மொத்தமும் இன்னைக்கே உங்க கணக்குக்குத் திரும்பி வந்துடும்" என்றது மேசை மேல் கிடந்த போன்.

தேன் ஒழுகும் குரல். வீடே கேட்கட்டும் என்று கணவன் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

அவள் அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே நுழைந்திருந்தாள். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. நீலச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. தெருவில் அவளுக்கு மீட்டர்காரி என்றுதான் பேர்.

"மீட்டர்காரி நம்பர் சொன்னா கணக்கு காலி" என்பது போன மாதத்திலிருந்து வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வேடிக்கை. கட்டிவிட்டவள் நாத்தனார்.

வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்ன எவனுக்கோ, போனில் வந்த ரகசிய எண்ணை வாசித்துக் காட்டியதில் அவளுடைய சம்பளக் கணக்கு துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்ட கதை சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரியும். புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று கேட்காத ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கணவன் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டான்.

அவன் ஆபீசில் காசாளர். பணத்தைப் பற்றி இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பான்.

இப்போது மிச்சம் இருப்பது இருவர் பேரிலும் உள்ள கணக்கு ஒன்றுதான். அதில் கிடப்பது மகளின் காது ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"அதே ஆளுங்கதான் இது. கட் பண்ணுங்க" என்றாள்.

"வாயை மூடு. தொலைக்கத்தான் தெரியும் உனக்கு. நான் மீட்கிறப்பவாவது சும்மா இரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அதற்கும் தலையாட்டினாள்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம். அடித்தால் என்ன ஆகும்? நாளைக்கு அவள் அசந்த நேரத்தில் வேறு போனில் கூப்பிட்டு இவனே பேசுவான். இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அதுகூடத் தெரியாதா.

"மேடம் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொன்னாப் போதும்" என்றது குரல்.

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கணவன் கண்ணாடியைத் தேடினான். மேசையில் இல்லை, ஜன்னல் ஓரத்தில் இல்லை. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி.

கண்ணாடி அவள் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே நுழைந்து அந்தக் குரலைக் கேட்டதுமே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள்.

"சரி, நீயே படி" என்றான்.

படித்தாள். நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக.

"தப்புன்னு வருதே மேடம்."

மறுபடி ஓர் எண் வந்தது. மறுபடி படித்தாள். அதுவும் தப்பு. கணவன் பல்லைக் கடித்தான். நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டாள்.

அவள் தோளுக்குப் பின்னால் மகள் வந்து நின்றாள். காது சரியாகக் கேட்காத பிள்ளை. யார் பேசினாலும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். பிள்ளை போன் திரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து அம்மாவின் உதட்டைப் பார்த்தாள்.

திரையில் ஓர் எண் இருந்தது. உதட்டில் வேறு எண் இருந்தது.

போன மாதம் புகார் கொடுக்கப் போனபோது, வங்கி கவுன்டரில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். மூன்று தடவை எண் தப்பாக இருந்தால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும்.

மூன்றாவது எண் வந்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தாள்.

மறுமுனை இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. அவள் போனில் வங்கியின் செய்தி வந்து விழுந்தது: கணக்கு பூட்டப்பட்டுவிட்டது.

பணம் அப்படியே இருந்தது.

"ஆறு நம்பரை ஒழுங்கா வாசிக்கத் தெரியல, நீயெல்லாம் மீட்டர் பாக்குறியா!" என்று கணவன் கத்தினான். வீட்டுக்கு வந்த பணத்தை வாசலோடு விரட்டிவிட்டாளே என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் கண்ணாடியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, சொல்லட்டுமா என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள். போன மாதமும் இப்படித்தான் பார்த்தாள். அன்றைக்கு அவள் கண்ணை உருட்டிப் பிள்ளையை அடக்கியிருந்தாள்.

இன்றைக்கு அடக்கவில்லை.

தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்போதுமே தெரியாது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"போன மாசம் அம்மா குளிச்சிட்டு இருந்தப்போ அம்மா போனைப் பாத்து அப்பா வாசிச்சாரே, அப்போ ஒரு நம்பர்கூடத் தப்பா சொல்லல அத்தை. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."