ஒரு வாய்

"இன்னும் சாப்பிடலம்மா" என்று அவள் சொல்லி முடித்ததும் லைன் அறுந்துவிட்டது.

வாய் தவறி வந்த உண்மை. அரிசி ஏற்றி வந்த லாரி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. காலையிலிருந்து முகாமில் அடுப்பு மூட்டவில்லை. மற்ற நாட்களில் அம்மா கேட்டால் ரசம், பொரியல், அப்பளம் என்று கூசாமல் அடுக்குவாள்.

உகாண்டாவின் வடக்கே, எல்லை தாண்டி ஓடிவந்தவர்களின் முகாம். கோவில்பட்டியிலிருந்து தன்னார்வ நர்ஸாக வந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

ஊரில் அம்மாவுடன் இருக்கும் மதினியின் செய்தி வந்து விழுந்தது.

'நீ சாப்பிட்டேன்னு சொன்னாத்தான் அத்தை தட்டுல கை வைப்பாங்க. தினமும் இதே கூத்து. இன்னைக்கு இன்சுலின் வேற போட்டாச்சு. நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க.'



ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதலில் கை நடுங்கும். பிறகு வேர்க்கும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை.

மறுபடி அடித்தாள். போகவில்லை.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த அச்சோல் ஏறிட்டுப் பார்த்தாள். முகாமில் இவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவள். அவளும் தினமும் இங்கே வருவாள். எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த அம்மாவின் எண்ணுக்கு முயன்று பார்ப்பாள். ஒரு நாளும் மணி போனதில்லை.

ஒருவழியாக லைன் கிடைத்தது.

"சாப்பிட்டேன்மா. இப்பத்தான். நீ சாப்பிடு."

"அதுக்குள்ள என்னத்தச் சாப்பிட்ட? வீடியோவுல வா. என் கண்ணு முன்னால ஒரு வாய் தின்னு."

ஊரையே ஏமாற்றிவிடலாம், இந்த அம்மாவை முடியாது.

படம் விட்டு விட்டு வந்தது. அம்மாவின் முன்னால் தட்டு. தொடாத சாதம். நெற்றியில் வேர்வை.

மேட்டில் கல்லும் புல்லும்தான் இருந்தன. திரும்பினாள். அச்சோலின் கையில் சுட்ட மக்காச்சோளம், பாதி.

விளக்கிச் சொல்ல நேரமில்லை. கையை நீட்டினாள். ஒன்றும் புரியாமலே அச்சோல் கொடுத்தாள்.

கடித்தாள். அம்மாவுக்குத் தெரியும்படி மென்றாள். விழுங்கினாள். அடுத்தவள் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிற வெட்கத்தில் அச்சோல் பக்கம் திரும்பவில்லை.

"பாத்தியா? இப்ப நீ."

அம்மா பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி வாய் வரைக்கும் கொண்டுபோனாள்.

அங்கேயே நிறுத்தினாள்.

"பக்கத்துல யாரு? அந்தப் புள்ள சாப்பிட்டாளா?"

அம்மாவின் கை லேசாக நடுங்கியது.

சோளக்கதிரை அச்சோலிடம் அவசரமாகத் திருப்பிக் கொடுத்தாள். "என் அம்மா. நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அச்சோல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அம்மா பார்க்க, ஒரு கடி கடித்தாள்.

மறு கையால் போனை வாங்கிக்கொண்டாள்.

தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். மெதுவாக ஆரம்பித்தது, பிறகு நிற்கவில்லை. நடுவில் அழுதாள், சிரித்தாள், மறுபடி பேசினாள்.

கோவில்பட்டியில் அம்மா ஒரு சொல்லும் புரியாமல் 'ம்' கொட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.