மூன்றாவது பேட்டரி

தாராவியில் கலீலுல்லாவின் தோல்பைப் பட்டறையில், திருட்டு அலாரத்துக்கு இது மூன்றாவது பேட்டரி. இதிலும் சார்ஜ் நிற்கவில்லை. பழுது பார்க்க வந்த ஸ்டெர்லினுக்குக் காரணம் தெரிந்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி மெயின அணைச்சிட்டுத்தான் போவேன் தம்பி. தீப்புடிச்சா யாரு பாக்குறது?"

"மெயின அணைச்சா, பேட்டரிக்கு ஒம்ம வாப்பாவா வந்து கரண்ட் குடுப்பாரு?"

'மூளையில்லாத ஜென்மம்' என்று முனகியபடி ஸ்டெர்லின் மெயினை அணைத்தான்; பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பட்டறை இருண்டது.

அலாரப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முழுச் சார்ஜ்.

தன்னைப் பெற்ற வாப்பா மவுத்தாகி அடக்கமானதிலிருந்து யாரும் உட்காராத தையல் மிஷின் பக்கம் கலீலுல்லா திரும்பினார்.

"போதும் வாப்பா. தம்பி தெரியாமப் பேசிட்டாரு."

விளக்கு அணைந்தது.