மூடி உடைந்த தொட்டி

அநியாயம் நடந்தது தவளைக்கு. விடுதியில் விருந்தினர் குளிக்கும் வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் அடித்துளையின் சல்லடை மூடி உடைந்து கிடந்தது. தண்ணீரை இழுக்கும் மோட்டார் அவளுடைய காலையும் சேர்த்து இழுத்துவிட்டது. நல்லவேளையாகக் கரண்ட் போனது; நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

“புது மூடி போடும்வரை நீ ஓடக் கூடாது. என் பிள்ளைகளும் இங்கேதான் நீந்துகிறார்கள்” என்றாள் மோட்டாரிடம்.

“இழுப்பதுதான் என் வேலை, அம்மணி. இன்னொரு துளை இருந்தது, என் இழுப்பில் பாதி அதில் போகும். பார்க்க அழகாயில்லை என்று விடுதிக்காரர்கள் அதைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்கள். அதற்கு நானா பொறுப்பு?”

“பொறுப்பில்லை என்றால் ஓடாமல் இரேன்.”

“நீ ஒருத்திதான் சண்டைக்கு வருகிறாய். இத்தனை வருஷத்தில் வேறு யாராவது குறை சொன்னார்களா?”

தவளை மூடி உடைந்த அந்த அடித்துளையை எட்டிப் பார்த்தாள்.

“நீ பிடித்து இழுத்தவர்களை விட்டிருந்தால்தானே வந்து சொல்வார்கள்?”