இடுக்கில் நுழைந்தது

ஆய்வகத்து ரெஜினா, குணவதியின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கருவியில் முடியைவிடக் குறுகலான ஓர் இடுக்கில் உடல் நெளித்து நுழையும் மென்மையானவை பைக்குள் சேரும். விறைப்பானவை கழிவுக்குப் போகும். சேர்ந்தவை திரும்பக் குணவதியின் உடம்புக்குள் சென்று புற்றுநோய் அணுக்களைக் கொல்ல வேண்டும். குணவதியும் கட்டிலில் படுத்தபடி கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒன்று வந்தது. மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியது. ஆனாலும் இடுக்கில் தயங்காமல் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு பைக்குள் போய்விட்டது.

“பாத்தியாம்மா, எம்புட்டு வேகம்! அது ஒண்ணே போதும் போலருக்கே,” என்று குணவதி சிரித்தாள்.

ரெஜினா திரையையே பார்த்தாள். வெள்ளையணு அவ்வளவு பெரிதாக இருக்காது. புற்றணுவும் மென்மையானதுதான்; அதுவும் இடுக்கில் நுழைந்துவிடும். பைக்குள் அதைத் தேடிப் பிடிக்க வழியில்லை. பையைக் கொட்டிவிட்டால், மறுபடி ரத்தம் எடுக்க அந்த உடம்பு தாங்காது.

“என்ன மலைச்சுப் போயி நிக்கிற? ஏத்தும்மா,” என்று குணவதி கையை நீட்டினாள்.

ரெஜினா பையை எடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.