லோவென்னா என்றால்

பேத்தியை மடியில் வாங்கியதும் அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. முழங்கால் வலிகூட எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். குனிந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் சம்பந்தியம்மாள்.

எல்லோரும் இருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது.

பரணி, நாலாம் பாதம். 'லோ'வில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். சம்பந்தியம்மாள் கோகிலம், லோஷிகா என்றாள். லோகிதா என்றாலும் சரி என்றாள். இவரோ 'லோ' என்று கேட்ட உடனே லாட்டரி விழுந்தவர் போல எழுந்து நின்றுவிட்டார்.

லோவென்னா.

அவருடைய அக்காவின் பெயர். போன ஆடியில் போய்விட்டாள்.

"போனவங்க பேரை வைக்கிறது நம்ம வழக்கந்தான். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அது என்ன பேருண்ணே, இருமல் மருந்தாட்டம்?"

மகன் கைபேசியில் தேடிப் படித்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துப் பெயர். கெல்டிக் மொழி வழி. பொருள், மகிழ்ச்சி. அங்கேயே மிக அரிது.

"அரிதா?" அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை ஒரு முறை எழும்பி அடங்கியது. "அந்தக் காலத்துல கோலார் தங்கவயல்ல, எங்க சுரங்க லைன் வீடுங்க முன்னாடி நின்னு கூப்பிட்டா, வீட்டுக்கு ஒருத்தி திரும்புவா. திரும்பாத வீட்ல ஆடு திரும்பும்."

"யாரு வச்ச பேரு அது?" கோகிலம் விடுவதாயில்லை.

"சுரங்கத்துல கேப்டன் துரைன்னு ஒருத்தர் இருந்தாரும்மா. கார்ன்வால்காரர். அவர் வீட்டு மகாராணி பேரு. வெள்ளை வெளேர்னு இருப்பாங்க. அவங்க சாப்பிடாம துரை சாப்பிட மாட்டாரு. கார்ல முன் சீட்டு அவங்களுக்குத்தான். துரைசானி பின்னாடி."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

நான்கு கால் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

சம்பூர்ணம் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் மனைவி. அதே லைனில் பிறந்தவள். அந்த மகாராணி வாலாட்டி வந்து அவள் கையிலிருந்த வர்க்கியைப் பிடுங்கித் தின்றிருக்கிறது.

அவர் மனைவியைப் பார்க்காமல் தூளியைப் பார்த்தார்.

இவள் வாய் திறந்தால் லோஷிகா.

அந்த நாய் தினமும் சுரங்க வாயில் வந்து உட்கார்ந்திருக்கும். கீழே போன துரைக்காக. பூமியின் மறுபக்கத்துக்கு இன்னும் நாலு முழம்தான் பாக்கி என்கிற ஆழத்திலிருந்து கூண்டு மேலே வரும். கதவு திறக்கும். வெளிச்சத்தில் கால் வைத்ததும் துரை சொல்லும் முதல் சொல் அதுதான்.

லோவென்னா.

பின்னால் நின்ற ஆட்களுக்கு நாய் தெரியவில்லை. துரையின் முதுகுதான் தெரிந்தது. உயிரோடு மேலே வந்ததற்கு வெள்ளைக்காரர்கள் சொல்லும் சொல் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். இத்தனை நாள் சும்மா இறங்கி வந்தோமே என்று வெட்கப்பட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவர்களும் சொன்னார்கள். கூண்டிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும். லோவென்னா, லோவென்னா, லோவென்னா. யாரிடம் போவது என்று தெரியாமல் நாய் கிறுக்குப் பிடித்துச் சுற்றியது.

அது நாயின் பெயர் என்று தெரிந்தபோது லைனில் அத்தனை பெண் குழந்தைகளுக்கும் அதையே பெயராக வைத்துக் காது குத்தி முடிந்திருந்தது. யாரும் பெயரை மாற்றவில்லை.

அக்கா பிறந்த அன்று கீழே பாறை வெடித்தது. அப்பா மேலே வர மறுநாள் சாயங்காலம் ஆனது. கண் மட்டும் வெள்ளையாய் வாசலில் நின்றாராம். உள்ளே பாயில் குழந்தை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லையாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

இதை அவர் இன்று சொல்லவில்லை. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவர். இதை மட்டும் எங்கே தொட்டுப் பெரிதாக்குவது என்று அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பெயர்கள் கல்யாணமாகி எங்கெங்கோ போயின. ஒவ்வொன்றாக முடிந்தன. அக்காதான் மிஞ்சியிருந்தாள்.

இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப உலகத்தில் ஆளில்லை.

கோகிலம் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணன் பேச்சுல பாதிக்குப் பாதி கழிக்கணும். நீங்க சொல்லுங்க அண்ணி. நெசமாவே பெரிய எடத்துப் பேருதானா?"

அவர் குழந்தையின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது.

சம்பூர்ணம் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"நெசந்தாங்க அண்ணி. அந்த பங்களாலயே அவங்க ஒருத்தங்கதான் நல்லவங்க."

கோகிலம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழந்தையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நல்லவங்க பேருன்னா வைங்க."

அவர் குனிந்தார்.

முதல் முறை காதுக்குள் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டது.

மூன்றாம் முறை நிமிர்ந்துவிட்டார். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தெருமுனையில் நின்று அக்காவைக் கூப்பிடுகிற குரல். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். குழந்தை வீறிட்டது. மருமகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டாள்.

யாரோ சர்க்கரைக் கிண்ணத்தை நீட்டினார்கள்.

அவர் கவனிக்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.