கிளிக்கு என்ன நோவு?

திருச்சி பெரிய கடைவீதியில் நாளெல்லாம் தகரம் தட்டிப் பெட்டி செய்யும் ரசூலுக்கு, வீட்டில் துணையென்று இருந்தது ஒரு கிளிதான். மவுத்தாகிப் போன மனைவி ஹாஜிரா அவரை, மகன் அப்பாவைக் கூப்பிடுவதுபோல், "அத்தா" என்று கூப்பிட அதைப் பழக்கியிருந்தாள். பிள்ளையில்லாத அவர், அந்த ஒரு சொல்லைக் கேட்கவே பட்டறையிலிருந்து ஓடி வருவார்.

அதுவும் இப்போது நின்றுபோயிற்று. கொய்யாப்பழம் கொடுத்தார், மிளகாய் கொடுத்தார், நத்தர்ஷா பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீரும் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வெறுத்துப்போய், கூண்டோடு ஜட்கா பிடித்து மாட்டாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

"தீனி நல்லாத்தான் தின்னுது டாக்டர். ஆனா ஒரு மாசமா சத்தமே இல்லை. சும்மா வாயைத் தொறந்து தொறந்து மூடுது. தொண்டையில ஏதோ கோளாறு. முத்திப்போறதுக்குள்ள பாத்துடுங்க!"

டாக்டர் கிளியைப் பார்த்தார். பிறகு ரசூலைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்களேன்! இப்பல்லாம் ஊரே வாய்க்குள்ளதான் முணுமுணுக்குது!" என்று எரிந்து விழுந்தார் ரசூல்.

டாக்டர் எழுந்து வந்து, அவர் காதருகே குனிந்து கத்தினார்:

"பாய்! கிளிக்கு ஒண்ணுமில்லை. உள்ளே வந்ததுலேர்ந்து அது 'அத்தா, அத்தா'ன்னு உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு!"