மன்னிப்பு வசனம்

“இந்த வசனத்தை நான் பேச மாட்டேன். வேற ஆளைப் பாருங்க!”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து கண்ணீரம்மா சொன்னது, வெளியே உட்கார்ந்திருந்த இயக்குநரின் ஹெட்போனில் வெடித்தது. அவர் பாதி டீயைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டார்.

கண்ணீரம்மா என்பது டப்பிங் வட்டாரம் வைத்த பெயர். திரையில் அழுகிற கதாநாயகிகளில் பாதிப் பேருக்குச் சத்தம் இவருடையதுதான். முப்பது வருடமாக மைக் முன்னால் இவர் அழுததையெல்லாம் தேக்கி வைத்திருந்தால் நாலு ஊருக்குக் கோடைகாலத்தில் தண்ணீர்ப் பஞ்சமே வந்திருக்காது.

இயக்குநரும் லேசுப்பட்டவர் இல்லை. இல்லத்தரசிகளின் கண்ணீர்தான் அவருக்குச் சோறு போட்டது. இதுவரை ஐந்து படங்கள். ஐந்திலும் மனைவி எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் பின்னால் சாப்பிட்டு, நடுவில் ஒன்பது தடவை அழுவாள். வழக்கமாக அவருக்கு அழுது கொடுக்கிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், முதல்முறையாக இந்த ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். இங்கே எல்லாக் குரலும் அவருக்குப் புதுசு. சாயங்காலம் ஆறு மணிக்குள் படத்தை ஒப்படைத்தாக வேண்டும். பாக்கி இருந்தது ஒரே ஒரு காட்சி.

“என்னம்மா பிரச்சினை? புருஷன் சாப்பாட்டுத் தட்டை வீசி எறியறான். இவ குனிஞ்சு அதைப் பொறுக்கிட்டே, ‘என் மேலதாங்க தப்பு, மன்னிச்சிடுங்க’ன்னு சொல்றா. தியேட்டரே அழும்!”

“அழும், ஏன் அழாது? முதல் ரீல்ல வீடு முழுக்கத் துடைச்சா. ரெண்டாவது ரீல்ல மாமனாருக்குக் கால் அமுக்கினா. நாலாவது ரீல்ல நூத்திரெண்டு டிகிரி ஜுரத்தோட பதினாறு பேருக்குச் சமைச்சா. இப்ப உப்பு கம்மின்னு தட்டு பறக்குது. மன்னிப்பையும் இவளேதான் கேக்கணுமா? எந்த ஊர் நியாயம் சார் இது?”

பக்கத்து மைக்கில், கணவனுக்குக் குரல் கொடுப்பவர் தொண்டையைச் செருமினார். அவரை எல்லோரும் ‘இடி’ என்பார்கள். அவர் ரகசியம் பேசினாலே மூன்றாவது மாடியில் ஜன்னல் நடுங்கும்.

“எழுதினதைப் பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க? தீர்ப்பு சொல்லவா கூப்பிட்டாங்க?” என்றார் இடி.

கண்ணீரம்மா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. “டைரக்டர் சார், அவர் வேலையை அவரைப் பாக்கச் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லுங்களேம்மா. முழங்கை இடிக்கிற தூரத்துலதானே நிக்கறார்?”

“அவர்கூட நான் பேசறதில்லை.”

குரல் கொடுப்பவர்களுக்குள் ஆயிரம் இருக்கும், எந்தக் காலத்து மைக் தகராறோ என்று இயக்குநர் அதோடு விட்டுவிட்டார். பக்கத்திலிருந்த ஒலிப்பதிவாளர் மட்டும் ஏனோ மேஜைக்கடியில் குனிந்து ஒரு ஒயரை ரொம்ப நேரம் ஆராய்ந்தார்.

“சரி, முதல்ல சாரோட வசனத்தை எடுத்துடலாம்.”

திரையில் கணவன் வாயைத் திறந்தான். இடி முழங்கினார்: “வீட்டுல நாள் பூரா சும்மாதானேடி உக்காந்திருக்கே? அப்படி என்னத்தைக் கிழிச்சே?”

“அடடா, ஒரே டேக்ல! எப்படி சார் இவ்வளவு இயல்பா வருது?”

“எல்லாம் பழக்கம்தான் சார்,” என்று பூரித்தார் இடி.

கண்ணீரம்மாவின் மூக்கு நுனி சிவந்தது.

“உங்க படங்களைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா சார்? மத்தியான ஆட்டத்துக்கு வர்ற பொம்பளைங்க இவளுக்காக மூணு மணி நேரம் மூக்கைச் சிந்திட்டு, வீட்டுக்குப் போய் இவளை மாதிரியே பாத்திரம் தேய்க்கறாங்க. கூட வர்ற புருஷனுங்களும்தான் அழறாங்க. அழுது முடிச்சுட்டு, ‘படம் நல்லாருந்துச்சு, ஒரு டீ போடு’ங்கறாங்க! இத்தனை வருஷம் நானும் இதுக்கு உடந்தை. போதும் சார்.”

இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது.

“கடைசியா கேக்கறேன். பேசறீங்களா, வேற குரலை வரவழைக்கட்டுமா? வரவழைச்சேன்னா, என் படத்துல மட்டுமில்லை, எந்தப் படத்துலயும் உங்களுக்கு மைக் கிடைக்காது!”

முப்பது வருடப் பிழைப்பு அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணீரம்மா திரையை உற்றுப் பார்த்தார். கதாநாயகி கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். உதடு தெரியவில்லை. எதைப் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும்.

“ஓட விடுங்க,” என்றார்.

தட்டு பறந்தது. கதாநாயகி குனிந்தாள். கண்ணீரம்மா மைக்கை நெருங்கினார். விசும்பல் இல்லை, மூக்குறிஞ்சல் இல்லை.

“சும்மாவா உக்காந்திருக்கேன்? இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு காதே மரத்துப்போச்சு. நாளைக்கு நீங்களே எழுந்து டீ போடுங்க, நீங்களே துவைங்க, நீங்களே துடைங்க. உப்பையும் நீங்களே அளந்து போட்டுக்குங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்!”

ஒலிப்பதிவாளர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். இயக்குநருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐந்து படங்களில் அவர் பேனாவுக்கு அகப்படாத வசனம்!

“பிரமாதம்மா! இதையே வெச்சுக்கறேன்!” என்று குதித்தவர், சட்டென்று தலையைச் சொறிந்தார். “ஆனா ஒரு சிக்கல்... கதையில இவளுக்கு அக்காவே கிடையாதே?”

இடி மெல்ல ஹெட்போனைக் கழற்றினார். கட்டடத்தையே ஆட்டிய அந்தக் குரல் கொசுவின் ரீங்காரமாய் இளைத்துப்போயிருந்தது.

“உங்க கதாநாயகிக்கு இல்லை சார். என் பெண்டாட்டிக்கு இருக்காங்க. பஸ் ஏறினா அரை மணி நேரம்தான்!”